புழுக்களுக்கு ஒரு மாமியார்

கண்ணாடிக்கு முன்னால் நின்று, இடது கண்ணிலிருந்து ஓர் இமைமுடியைப் பிடுங்குகிறாள். கண் கலங்குகிறது, முகம் மலர்கிறது. முடியைப் பல்குச்சியின் நுனியில் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டிவிட்டால் அன்றைய வேலைக்கு ஆயுதம் தயார். கமா அளவே இருக்கும் புழுவைத் தூக்க இதைவிட மென்மையான பொருள் உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி. வலது கண்ணில் அறுவடை முடிந்துவிட்டது. தூங்கும்போது தன் இமைகளை அவள் பார்க்கும் பார்வை சரியில்லை என்று கணவர் கொஞ்ச நாளாகக் குப்புறப் படுக்கிறார்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'மாமியார்' என்று பெயர். தட்டைத் திறந்ததும், "எழுந்திருடி மருமகளே, இன்னும் என்ன தூக்கம்?" என்றுதான் ஆரம்பிப்பாள். மாமியாருக்குரிய கவலையும் உண்டு. ஒவ்வொரு புழுவின் வயிற்றிலும் முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

முட்டைக்குள்ளே ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்து திரண்ட குட்டிக் குட்டித் துளிகள் மிதக்கும். அவள் அவற்றைப் பச்சையாக ஒளிர வைத்திருக்கிறாள். முட்டை இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் துளிகள் முன்பக்கம் கரைந்து பின்பக்கம் திரளும். பின்னால் உட்கார்ந்த உயிரணு எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ளும். அதனால் என்ன லாபம் என்று கணவர் ஒருமுறை வாயைக் கொடுத்தார்.

"முன்னாடி நிக்கிறவங்க தோலு, தசைன்னு அன்னன்னைக்குப் பொழைப்பைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. துளி யாருகிட்ட தங்குதோ, அவ வழியாதான் அடுத்த தலைமுறை."

"துளி கரைஞ்சு போச்சுன்னா?"

"புழு நல்லாதான் சாப்பிடும், நெளியும். பேரன் பேத்திதான் இருக்காது."

நாத்தனார் ஃபோன் செய்யும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்பார். இவளும் அதே தாழ்ந்த குரலில், "உண்டு அண்ணி. நேத்து மட்டும் முன்னூறு," என்பாள். நாத்தனார் ஃபோனைக் கணவரிடம் கொடுக்கச் சொல்வார்.

இரண்டு வருடம் பாடுபட்டு அவள் ஒரு வம்சத்தை உருவாக்கியிருந்தாள். அதன் துளிகள் நோஞ்சான்கள். குளிர்ச்சியில் வைத்தால் ஒழுங்காகத் திரளும். கொஞ்சம் சூடு கூடினால் சொதப்பிவிடும், பிறக்கும் குட்டிகளோடு வம்சம் முடிந்துவிடும். கொஞ்சத்தை ஃப்ரீசரில் பத்திரப்படுத்தி வை என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று இவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து மேசைக்காரன் பெயர் 'கம்பளி'. முனைவர் பட்டம், வழுக்கை, எப்போதும் கம்பளிச் சட்டை. அவனுடையவை சாதாரணப் புழுக்கள். சூட்டில் சீக்கிரம் வளரும். அவசரத்தில் சனிக்கிழமை இருவர் தட்டுகளும் இருந்த பொது இன்குபேட்டரின் சூட்டை ஏற்றிவிட்டுப் போனான். அவளுடைய புழுக்களுக்குச் சூடு ஆகாது என்பது அவனுக்கும் தெரியும். சனிக்கிழமை மட்டும் நினைவில்லை.

அடுத்த வாரம் குட்டிகள் வளர்ந்து நின்றபோது சாயம் வெளுத்தது. ஒவ்வொன்றும் நல்ல பளபளப்பு, நல்ல நெளிவு, வயிறு மட்டும் காலிக் கண்ணாடிக் குழாய். அவள் மருமகளே என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

கம்பளி பின்னால் வந்து நின்றான். "அக்கா, நாலு திட்டு திட்டிடுங்க."

முட்டையுள்ள புழு ஒன்றாவது தப்பியிருக்கிறதா என்று அவள் தட்டு தட்டாகத் தேடினாள். அவனும் தன் மேசையில் ஒரு அடுக்கை வைத்துக்கொண்டு, கேட்காமலே தேடினான். மதியச் சாப்பாடு இருவர் பையிலும் ஆறிப்போனது. சாயங்காலம் அவன் அடுக்கில் ஒன்று அகப்பட்டது. ஒல்லி, சோனி, வயிற்றுக்குள் நாலைந்து முட்டை.

குளிர்ச்சியில் ஒரு நாள் வைத்து, அது புதிதாக இட்ட முட்டையைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றினாள். பச்சைத் தூசி முட்டை முழுக்கப் பரவிக் கிடந்தது. கம்பளி மூன்றடி தள்ளி நின்று, கண்ணாடிக்கு மூச்சுச் சூடு படக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டான். முன்பக்கத்துப் பச்சை மெல்ல மங்கியது. பின்கோடியில் ஒரு துளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்து.

அவள் கண்ணை எடுக்காமலே இடது கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். அவன் காது அகப்பட்டது. நன்றாக முறுக்கி, இழுத்து, தன் தலையை ஒதுக்கிக்கொண்டு, அவன் கண்ணை நுண்ணோக்கியில் கொண்டுபோய் வைத்தாள்.