வலி நின்ற அரை நாள்

வலி நின்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை. அடிவயிற்றின் ஓரத்தில் ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து, டாக்டரம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். குனியச் சொன்னார். குனிந்தேன். வலது தொடை இடுக்கில் வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்த வலி இப்போது இல்லை. கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவது என் வேலை. சில வருடங்களுக்கு முன்பு குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து, உள்ளே வலை வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் பிரித்ததும் என் மனைவி சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். "பூரண சுகம் தந்ததற்காக" என்று போதகர் எல்லார் முன்னிலையிலும் வாசித்தார். நான் தலை குனிந்து நின்றேன். அப்போதே அந்த இடத்தில் மிளகாய் அரைத்துத் தேய்த்ததுபோல் இருந்தது. புண் ஆறுகிற வலி என்று நினைத்தேன்.

ஆறவில்லை. வேட்டி உரசினால் சுரீர் என்றது. மரத்தின் அடிப்பட்டையை வெட்டக் குனிந்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். மைத்துனனிடம் சொன்னபோது சிரித்தான்.

"அத்தான், பூரண சுகம்னு கோயில்ல வாசிச்சாச்சு. இனி வலிக்குன்னா காணிக்கையத் திருப்பிக் கேக்கப் போறியளா?"

அதற்குப் பிறகு வெளியே யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஸ்கேன் பார்த்து, வலை சரியாக இருக்கிறது என்றார். இன்னொருவர் இடுப்பெலும்பைப் படம் எடுத்தார். மூன்றாவது டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மனநல மருத்துவரிடம் காட்டும்படி மனைவியிடம் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோட்ட முதலாளி ஏற்கெனவே என் மரங்களில் பாதியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார். மீதியும் போனால், இல்லாத வலிக்காக வேலையை விட்டவன் என்றுதான் ஊர் சொல்லும்.

அதன் பிறகுதான், வலிக்கென்றே மருத்துவம் பார்க்கும் இந்த டாக்டரம்மாவைக் கேள்விப்பட்டுப் போனோம். என் மகள் வயது இருக்கும். எங்கே வலி என்று கேட்டார். "இடுப்பு" என்றேன்.

"கை வச்சுக் காட்டுங்க."

சட்டைக்கு மேல் எங்கேயோ வைத்தேன்.

"ஒழுங்கா காட்டுங்க" என்று மனைவி அதட்டினாள். "டாக்டரு பாக்காததையா நீங்க வச்சிருக்கிய?"

டாக்டரம்மா பஞ்சால் மெல்லத் தடவி, எரிகிற இடத்தைச் சொல்லச் சொன்னார். பேனாவால் எல்லை குறித்துக்கொண்டே போனார். இடுப்பெலும்பிலிருந்து சாய்வாக இறங்கித் தொடையின் உள்பக்கம் வரை ஒரு பட்டை. பிறகு ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். என் உடம்பில் கோடு போட்ட அதே இடம் அந்தப் படத்தில் நிறம் தீட்டியிருந்தது. என்னை ஒருநாளும் பார்க்காத யாரோ என் வலியை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

"இது ஒரு நரம்பு போற வழி" என்றார். "ஆபரேஷன் தழும்புல அது சிக்கியிருக்கலாம். நல்லா செஞ்ச ஆபரேஷன்லயும் இப்படி வரும். அந்த நரம்ப மரத்துப்போக வச்சா வலி நிக்குதான்னு பாப்போம். நின்னாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான்."

கடைசி வார்த்தை என் காதில் ஏறவில்லை. காலையில் ஊசி போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். தக்கலை தாண்டும்போது எரிச்சல் மறுபடி வந்தது. வாய்விட்டு அழுதேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளதுதான். உங்களுக்கு வலி உள்ளதுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த முறை போய் வலி திரும்பியதைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "மரப்பு விட்டதும் வலி வந்திருக்கு. அப்போ ஆளு அந்த நரம்பேதான்" என்றார். மாத்திரைகள், இன்னும் சில ஊசிகள். ஒவ்வொரு முறையும் வலி போய்ப் போய் வந்தது. கடைசியில் அந்த நரம்பையே வெட்டிவிடலாம் என்றார்கள். கத்தியால் வந்ததற்கு மறுபடியும் கத்தியா என்று கேட்டான் மைத்துனன். என் கேள்வியும் அதுதான். ஆனாலும் வலியில்லாத அந்த அரை நாளை நான் பார்த்துவிட்டிருந்தேன். சரி என்றேன்.

இப்போது குனிந்து வெட்டுகிறேன். சில நாள் உள்ளே இழுக்கும், எரிவதில்லை. உள்ளங்கை அளவு தோல் மட்டும் மரத்துப்போய்விட்டது. போன வாரம் தோட்டத்திலிருந்து வந்து குளிக்கப்போனபோது பார்த்தேன். மரத்துப்போன அந்த இடத்தில் செவ்வெறும்பு கடித்த தடிப்புகள்; கடித்ததே எனக்குத் தெரியவில்லை. ஓர் எறும்பு இன்னும் கடித்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடாமல், வாய் பிளந்து நின்றேன்.

"ஏட்டி, இங்க வந்து இதப் பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.