சிங்கி இறால் தின்ற நாட்கள்

கொரோனா ஊரடங்கு என்று ஊரே அரிசிப் பானையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில், எங்கள் வீட்டில் தினமும் சிங்கி இறால். இப்போது காலேஜில் தோழிகளிடம் சொன்னால், சும்மா அளக்காதே என்கிறார்கள். போர்ட் பிளேரில் ஒரு தகரக் கூரை வீட்டில், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், டூரிஸ்ட்டுகள் லாப்ஸ்டர் என்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுகிற பதார்த்தத்தை, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன். சத்தியமாக நடந்தது.

அப்பாவுக்கு அதுதான் தொழில். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர், யார் யாரிடமோ வேலை பார்த்து, கடைசியில் சொந்தமாக ரிசார்ட்டுகளுக்குச் சிங்கி இறால் கொடுக்கத் தொடங்கினார். தெலுங்கு மீனவர்கள் முங்கிப் பிடித்து வருவதை வாங்கி, ஊருக்கு வெளியே அலையடிக்காத ஓர் ஒதுக்கில் வலைக் கூண்டுக்குள் உயிரோடு விட்டு வைப்பார். ரிசார்ட்டிலிருந்து போன் வந்தால் ஈரச் சாக்கில் சுற்றிப் படகேற்றி விடுவார். உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் காசு. மீனவர்கள் அவரை ‘சேட்’ என்று கூப்பிடுவார்கள். ஒரு பழைய ஸ்கூட்டரும் ஒரு கூண்டும் வைத்திருந்த சேட். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் செய்வாள். ஆனால் தெருவில் யாராவது அப்படிக் கூப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவளுக்கே பட்டம் கட்டியதுபோல இருக்கும்.

அந்த வருடம் ஒரு ரிசார்ட்டில் பெரிய இடத்துக் கல்யாணம். மெயின்லேண்டிலிருந்து விமானம் நிறைய ஆட்கள் வருவதாக இருந்தது. அப்பா கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கூண்டை நிரப்பினார். அப்புறம் விமானத்தை நிறுத்தினார்கள், படகை நிறுத்தினார்கள், கல்யாணமும் நின்றுபோனது. டூரிஸ்ட்டை நம்பிப் பிழைத்த ஊருக்கு ஒரே வாரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. எங்கள் தெருவில் டாக்சிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். ஹோட்டலில் பாத்திரம் தேய்த்தவரிலிருந்து மேனேஜர் வரை எல்லாரும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் இருந்தது மொத்தமும் கடலுக்குள் கிடந்தது. அது சாவதற்குள் ரிசார்ட் திறந்தால் பிழைப்போம்.

“ஒரு வாரந்தேன். தொறந்துருவாய்ங்க,” என்றார் அப்பா. ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொன்னார்.

காலையில், ஊரடங்கில் வெளியே போகக் கொடுத்திருந்த பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூண்டுக்குப் போவார். மட்டிச் சிப்பியை உடைத்துத் தீனி போடுவார். சிங்கி இறாலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று ஓடு கழற்றினால் அதன் உடம்பு மெத்தென்று ஆகிவிடும், உடனே கூட இருப்பவையெல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். அதுவும் கூண்டில் நெருக்கடி இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படி மெத்தென்று ஆனதும் கால் ஒடிந்ததும் மட்டும் வீட்டுக்கு வரும். முழுசாக மீசை நீட்டிக்கொண்டு இருப்பதை அப்பா தொட மாட்டார். அதெல்லாம் ரிசார்ட்டுக்கு.

முதல் வாரம் நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று நான் நினைத்தேன். அம்மா வறுத்தாள், குழம்பு வைத்தாள், பொடிமாஸ் செய்தாள். மூன்றாவது வாரம் அந்த வாசனை வந்தாலே குமட்டியது. எனக்கு உருளைக்கிழங்கு வேண்டும் என்று அழுதேன். உருளைக்கிழங்கு எங்கள் தீவில் விளையாது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து இறங்க வேண்டும். அப்போது எப்போதாவதுதான் வந்தது, வந்ததும் வரிசையில் நின்றவர்களோடு தீர்ந்துபோனது.

“சிங்கி எறாலத் தின்னுக்கிட்டு கெழங்குக்கு அழுகுறவ இந்தத் தீவுலயே நீ ஒருத்திதேன்டி,” என்றாள் அம்மா.

ஒரு நாள் அப்பா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சிப்பிகாட்டுக்குப் போனார். அங்கே தோட்டக்காரர்கள் நிறைய. இறாலைக் கொடுத்துக் காய்கறி வாங்கி வரலாம் என்பது அவர் திட்டம். அன்றைக்குத்தான் முதல் முறையாக முழு இறால் நான்கை எடுத்தார், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். ஒரு தோட்டத்தில் வங்காளிப் பெண் ஒருத்தி வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அப்பா சாக்கைப் பிரித்துக் காட்டினார்.

“யே கௌன் காயேகா, பையா?” என்று கேட்டாள். இதை யார் தின்பார்கள் என்கிறாள்.

அப்பா தன் ஹிந்தியில் மூச்சு விடாமல் விளக்கினார். எவ்வளவு பெரிய ரிசார்ட்டுகள், எப்படிப்பட்ட ஆட்கள், என்ன விலை. வியாபாரம் பேசும்போது அவர் குரலில் வருகிற மிடுக்கு அன்றைக்கும் இருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஹோட்டல் தோ பந்த் ஹை,” என்றாள். ஹோட்டல்தான் மூடிக் கிடக்கிறதே. அவள் கேலி செய்யவில்லை, பாவம், தெரிந்ததைச் சொன்னாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெண்டைக்காயையும் வெள்ளரிக்காயையும் இரண்டு கையாலும் அள்ளி என் பாவாடையில் போட்டாள். இறால் வேண்டாம், குழந்தைக்காகத் தருகிறேன் என்றாள்.

அப்பா சாக்கின் வாயைச் சுருட்டினார். அதைத் திரும்பக் கட்டினார். என்னை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இறாலும் மிச்சம், காயும் ஓசி. பேரம் பேசுவதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் நேரே கூண்டுக்குப் போய், நான்கையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு, அது நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

“பாதி வெலைக்காச்சும் தள்ளிவிடுங்க,” என்றாள் அம்மா.

“யாருக்குத் தள்ள?”



மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை வந்தால் விடுகிற மழை இல்லை. இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் ஒதுக்குக்குள் இறங்கியது. நல்ல தண்ணீர் கலந்தால் சிங்கி இறால் தாங்காது. அப்பா விடியும் முன்பே ஓடினார். கூண்டை ஆழத்துக்கு இழுத்துப்போக ஒரு படகைக் கேட்டிருக்கிறார். படகு கிடைத்தபோது நேரமாகிவிட்டது. மதியம் வந்து, குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

“என்னங்க ஆச்சு?”

“எல்லாம் வெளுத்து மெதக்குது. பொதைச்சுட்டு வந்துட்டேன்.”

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். இனிமேல் இறால் தின்ன வேண்டாம் என்பதுதான் எனக்கு அப்போது தோன்றியது.

அடுத்த வாரம் ஒரு காலையில் அப்பா பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். “கப்பல்ல வேலை, பாப்பா,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டு அப்பாவை மனதுக்குள் நிறுத்திப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எங்கள் அப்பா இனிமேல் கப்பல்காரர் என்று சொன்னேன். அவளுடைய அப்பா ஹேடோவில் மூட்டை தூக்குகிறவர். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பொறாமை என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா ஒரு பை நிறைய உருளைக்கிழங்கு கொண்டுவந்தார். நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா மிளகாய்த்தூள் போட்டு, முறுகலாக, நான் கேட்டபடியே வறுத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். கை பாதியில் நின்றது, தட்டுக்கே இறங்கியது. இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். தோள் எழவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, உருட்டி, வாயில் வைத்தாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐய, அப்பா பாப்பா ஆயிட்டாரு,” என்றேன். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் தலை நிமிராமல் ஊட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன ஒரு பிரியம் என்று பார்த்துக்கொண்டே, சட்டியில் மீதி இருந்த கிழங்கையும் எனக்குப் போடச் சொன்னேன். எங்கள் கஷ்டகாலம் அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.