தலையணை மேல் இருந்த முயல்

கப்பலில் எல்லோரும் அவளைத் துண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயணிகளின் அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து, கடைசியில் குளியல் துண்டை மடித்து ஒரு யானையோ அன்னமோ செய்து கட்டில் மேல் உட்கார வைத்துவிட்டு வருவது அவள் வேலை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் சும்மா கிடக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ.

உல்லாசக் கப்பலில் வேலை என்றதும் ஆளாளுக்கு வாயைப் பிளக்கிறார்கள். உல்லாசமெல்லாம் மேல் தளத்தோடு சரி. துண்டக்கா தூங்குவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஒரு பொந்தில், அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலை கூரையில் இடிக்கும். கீழ்த் தட்டில் பாத்திரம் கழுவும் பெண் விடும் குறட்டையும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் இன்ஜினும் ஒன்றுக்கொன்று போட்டி. அந்த இடத்தில் உட்கார்ந்து யாரோடும் மனசு விட்டு நாலு வார்த்தை பேச முடியாது.

அவளுக்குப் பேச வேண்டியது ஒரே ஒரு ஆளிடம்தான். ஐந்து வயது மகள். கரையில் துண்டக்காவின் சொந்த அக்கா வீட்டில் வளர்கிறாள். புருஷன்காரன் எங்கே என்று கேட்காதீர்கள், அவளே கேட்பதை விட்டுவிட்டாள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது போன் கிடைக்கும். நடுக்கடலில் கிடைத்தாலும் பாதிப் பேச்சில் அறுந்துவிடும். ஒரு தடவை அப்படி அறுந்து மறுபடி இணைப்பு வந்தபோது, அந்தப் பக்கம் பிள்ளை தன் பெரியம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

"அம்மா, இந்தா, போன் அம்மா கூப்பிடுறாங்க."

அக்காதான் அம்மாவாம். பெற்றவள் போன் அம்மாவாம்! துண்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நிமிஷம் பேச வேண்டியவள் ரெண்டே வார்த்தையில் போனை வைத்துவிட்டாள். பிள்ளையைக் குறை சொல்லி என்ன பண்ண? பக்கத்தில் படுத்துத் தூங்க வைக்கிறவளைத்தானே அது அம்மா என்று சொல்லும்.

இப்போது பரிசு விஷயத்துக்கு வருகிறேன். பயணம் முடிந்து இறங்கும்போது பயணிகள் அறைப் பணியாளருக்கு ஏதாவது சின்னதாக வைத்துவிட்டுப் போவார்கள். கைக்குப் பூசும் கிரீம், சாக்லேட், சாவிக்கொத்து, கம்பளிக் காலுறை, நாலு பேனா. மனசார வைப்பவர்கள் நிறையப் பேர், அவர்கள் நல்லா இருக்கட்டும். ஆனால் சில மகராசன்களும் உண்டு. ஒருத்தர் பாதி தீர்ந்த ஷாம்புவை ரிப்பன் கட்டி வைத்திருந்தார். இன்னொருத்தர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ரெண்டைத் தின்று பார்த்துவிட்டு, பிடிக்காமல் போனதால் மீதியை அன்பளிப்பாக்கிவிட்டார். ஒரு அம்மா ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது பரிசா மறதியா என்று பாத்திரக்காரியும் துண்டக்காவும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் பணியாளர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தலையணை மேல் இருந்தால் பரிசு. வேறெங்கே இருந்தாலும் மறந்து வைத்த பொருள், அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். எழுதாத சட்டம்தான், ஆனால் மேலதிகாரிகளும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். மேஜை மேல் கிடந்த கைக்கடிகாரத்தைப் பரிசு என்று நினைத்துக் கட்டிக்கொண்ட ஒரு பையனை அடுத்த துறைமுகத்திலேயே மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டார்கள். அழுது புரண்டும் ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து துண்டக்கா தலையணையைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. குரல் பதிகிற பொம்மை. துறைமுகக் கடைகளில் விற்பார்கள். வயிற்றை அமுக்கினால் பேசும். கடையில் வாங்கும்போதே உள்ளே மாதிரிக்கு ஒரு பெண் குரல் இருக்கும், "கண்ணே, மணியே" என்று கொஞ்சும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு கீச்சொலி வரும். அப்புறம் நாம் பேசினால் கடைக்காரி குரல் அழிந்து நம் குரல் ஏறிக்கொள்ளும். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தாய்மார் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கி, பேசி, பார்சலில் போட்டுவிடுவார்கள். துண்டக்காவும் ஒவ்வொரு தடவையும் கடை வரை போவாள், கையில் எடுத்துப் பார்ப்பாள், வைத்துவிட்டு வந்துவிடுவாள். அக்காவுக்கு அனுப்பினது போக அதற்கெல்லாம் அவளிடம் ஏது?

அந்தப் பயணத்தில் அவள் பார்த்துக்கொண்ட அறைகளில் ஒன்றில் ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அப்பா ஒல்லியான மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். மகளுக்கு ஏழு வயசிருக்கும். குட்டி என்று கூப்பிடுவார். அம்மா எங்கே என்று துண்டக்கா கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கக் கூடாது, வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள்.

குட்டி அப்பாவுக்கு எதிர்மாறு, வாய் ஓயாது. துண்டக்கா துண்டை மடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"அக்கா, உங்களுக்குப் பாப்பா இருக்கா?"

"இருக்கே. உன்னைவிடச் சின்னவ."

"நீங்க இங்க இருந்தா அவளை யாரு தூங்க வைப்பாங்க?"

"பெரியம்மா வைப்பாங்க."

"அம்மா பேசாம எப்படி அவளுக்குத் தூக்கம் வரும்?"

"நல்லா வரும். அவ அப்பிடியே என்னை மாதிரி, படுத்தா கும்பகர்ணிதான்."

துண்டக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குட்டி சிரிக்கவில்லை.

பயணம் முடிந்த அன்று காலை எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும். அதற்குள் எல்லா அறைகளையும் புதுசாக்க வேண்டும், மூச்சு விட நேரமிருக்காது. துண்டக்கா குட்டியின் அறைக்குள் நுழைந்தாள். அப்பாவின் தலையணை மேல் ஒரு சாக்லேட் பெட்டி. குட்டியின் தலையணை மேல், போர்வையைக் கழுத்து வரை போர்த்திப் படுக்க வைத்த ஒரு துணி முயல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எடுத்தாள், வயிற்றில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அமுக்கினாள்.

"என் தங்கமே, இன்னைக்கு நல்லா விளையாண்டியா? போதும், கண்ணை மூடு. அம்மா இங்கதான் இருக்கேன்."

அட, குரல் பதிகிற பொம்மை! அவளுக்குக் கை கால் ஓடவில்லை. எத்தனை கடையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தது, இப்போது தானாகவே தலையணை மேல் வந்து படுத்திருக்கிறது. இந்தக் கடைக்காரிக்குத்தான் எவ்வளவு நல்ல குரல் என்றுகூட நினைத்தாள்.

கீழே போனால் குறட்டையும் இன்ஜினும். இங்கே கதவைச் சாத்தினால் ஊசி விழுந்தால் கேட்கும். அவள் கதவைச் சாத்தினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கீச்சொலி வந்தது.

"கண்ணு... நான் போன் அம்மா பேசுறேன்டி. சாப்பிட்டியா? பெரியம்மாவைப் படுத்தாம தூங்கு. நான் வந்துடுவேன், சரியா? வந்துடுவேன்டி."

 திரும்பப் போட்டுக் கேட்டாள். பரவாயில்லை, நல்லாத்தான் இருந்தது. முயலைத் தள்ளுவண்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி குளியலறையைத் தேய்க்கப் போனாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த வேலையைச் செய்து ரொம்ப நாளாயிற்று.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் குரல்.

"அந்தக் கடைசி ரூம்ல ஒரு பொம்மை முயல் எடுத்தியா?"

"தலையணை மேல இருந்தது சார்."

"எங்க இருந்தா என்ன, அவங்க திரும்பி வந்து நிக்கிறாங்க. எடுத்துக்கிட்டு உடனே கரைக்கு இறங்குற பாலத்துக்கு வா."

 கடிகாரப் பையன் கண் முன்னால் வந்து நின்றான். தலையணை மேல்தான் இருந்தது, சத்தியமாகத் தலையணை மேல்தான் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே படிகளில் தடதடவென்று இறங்கினாள். வேலை போனால் அக்கா என்ன சொல்வாள், பிள்ளைக்கு என்ன அனுப்புவது, எல்லாம் அந்தப் படிகளிலேயே ஓடி முடிந்தது.

கப்பலையும் கரையையும் சேர்க்கும் பாலத்தின் கப்பல் பக்க முனையில், காவலாளியின் மேஜைக்குப் பக்கத்தில், அப்பாவும் குட்டியும் நின்றார்கள். முயலைப் பார்த்ததும் அந்த மனிதர் ஓடி வந்து ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க எடுத்தீங்கன்னு நாங்க சொல்லவே இல்ல. இவளே வெச்சுட்டு வந்திருக்கா. பெட்டி வாங்குற இடத்துல வந்துதான் சொல்றா."

"அக்காவோட பாப்பாவுக்குக் குடுத்தேன் அப்பா," என்றது குட்டி. "அவளுக்கு ராத்திரி பேச அம்மா இல்ல. நம்ம அம்மாவைக் கொஞ்ச நாள் வெச்சுக்கட்டும்."

துண்டக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இவ அம்மா பேசினது இதுக்குள்ள இருக்கு," என்றார் அவர், குட்டிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி. "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பேசினா. அப்புறம் ஒரு வாரம்கூட இல்ல. வேற எதுலயும் அவ குரல் இல்லம்மா எங்ககிட்ட. ராத்திரி படுக்கும்போது ஒரே ஒரு தடவை அமுக்க விடுவேன், பேட்டரி தீர்ந்துடக் கூடாதுன்னு."

  கடைக்காரி. ஐயோ, கடைக்காரி என்று நினைத்தாளே! செத்துப்போன ஒருத்தி மூச்சைப் பிடித்துப் பிள்ளைக்காகப் பேசி வைத்ததை, ஒரு விரலால் அழுத்திப் பிடித்துத் துடைத்துப் போட்டுவிட்டாளே பாவி!

"ரொம்ப நன்றிம்மா," என்று சொல்லிவிட்டு அவர் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். ராத்திரிதான் அமுக்குவார்கள். அதற்குள் கப்பல் கடலுக்குப் போயிருக்கும். அப்புறம் அவளைத் தேடி யார் வரப்போகிறார்கள்?  அவர்கள் பாலத்தில் பாதி தூரம் போகும் வரை அவள் ஒன்றுமே சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் ராத்திரி இருட்டில் அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அமுக்கி, வேறொருத்தி குரல் வந்தால்?

"சார்! நில்லுங்க சார்!"

ஓடிப்போய்ச் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. கடைப் பொம்மை என்றாள், மாதிரிக் குரல் என்றாள், எல்லாரும் அப்பிடித்தான் செய்வோம் என்றாள், மன்னிச்சிடுங்க என்று நாலைந்து தடவை சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த குட்டி, அப்பாவின் மடியிலிருந்து முயலை எடுத்து வயிற்றை அமுக்கிவிட்டது. தடுக்க யாருக்கும் கை எழவில்லை.

"கண்ணு... நான் போன் அம்மா பேசுறேன்டி..."

முழுசையும் கேட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை அமுக்கிக் கேட்டது.

"இது வேற அம்மா. எங்க அம்மா எங்க, அக்கா?"

துண்டக்கா முட்டி போட்டு உட்கார்ந்தாள். "அக்கா தெரியாம அழிச்சுட்டேன்டா தங்கம்."

"திரும்ப வர வைங்க."

விருந்தினரிடம் முடியாது என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்பது கப்பலில் கண்டிப்பான உத்தரவு. இருங்கள் பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பழகிவிட்டது.

"முடியாதுடா," என்றாள்.

குட்டி முயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அதை அவள் நெஞ்சில் வைத்து அழுத்தியது.

"அப்போ இது உங்க பாப்பாவோட அம்மா. அவளுக்கே அனுப்பிடுங்க."

"வேண்டாம்டா, நீயே..."

"எனக்கு எதுக்கு? எனக்கு அவங்களைத் தெரியாதே."

கையை எடுத்த பிறகுதான் அதற்கு அழுகை வந்தது. சின்ன உடம்பு முழுக்க உலுக்கி எடுத்த அழுகை. அப்பா எழுந்து அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, துண்டக்காவைத் திரும்பிப் பார்க்காமல் பாலத்தைக் கடந்து கூட்டத்துக்குள் போனார். அந்த அழுகை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் முயலோடு கப்பலுக்குள் திரும்பி வந்தாள். இறங்குகிறவர்களின் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த காவலாளிக்குப் பாலத்தில் நடந்தது எதுவும் கண்ணிலோ காதிலோ விழவில்லை. அவள் கையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தான்.

"பார்த்தியா, நீ வீணா பயந்தே! உனக்கேன்னு குடுத்துட்டாங்களா? தங்கமான மனுஷங்க."

"ஆமா, குடுத்துட்டாங்க," என்றாள் துண்டக்கா.