இறுப்பிட்டித் தபால்காரரின் தாள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகும் படகுக்குக் காத்திருக்கிறோம். எனக்குப் பக்கத்தில் இறுப்பிட்டியைச் சேர்ந்த இளைப்பாறிய தபால்காரர். அவர் மடியிலிருக்கும் பையில் ஏழு தேங்காய், ஒரு பட்டுச்சேலை, வெள்ளி நாகபடம் இரண்டு.

"பெரிய நேர்த்திக்கடன் போல, அண்ணை?"

"ஒண்டும் என்ரை இல்லைத் தம்பி. எல்லாம் கனடா, லண்டன் சனத்தின்ரை. எனக்குக் கடவுள் நம்பிக்கை துப்பரவா இல்லை."

நம்பாதவரிடமா நேர்த்தியை ஒப்படைக்கிறார்கள் என்று கேட்கிறேன். அவருக்குக் கோபமே வந்துவிடுகிறது.

"முந்தி ஒரு பக்தரிட்டைத்தான் குடுத்தவை. அந்த மனுசன் அம்மாளாச்சிக்கு முன்னாலை நிண்டு முதல் தன்ரை மகன்ரை விசாவைக் கேக்கும். பிறகு மருமகளின்ரை வேலை. அதுக்குள்ளை பூசை முடிஞ்சிடும். நான் முப்பது வருசம் கடிதம் குடுத்தனான், ஒண்டிலையும் என்ரை வரி சேர்க்கேல்லை."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார். பெயர், நட்சத்திரம், வேண்டுதல் எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருக்கின்றன.

"உங்களுக்கெண்டு ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

"சீச்சீ! கேட்டா எனக்கும் அவவுக்கும் இருக்கிற மரியாதை கெட்டுப்போம்."

படகு வந்து அணைகிறது. எல்லோரும் எழுந்து முண்டியடிக்கிறார்கள். நானும் நேர்த்தியோடுதான் வந்திருக்கிறேன். மகளுக்கு அடுத்த கிழமை இருதய ஒப்பரேசன். ஆனால் பஸ்ஸில் வரும்போதே அதோடு காணி வழக்கையும் என் சம்பள உயர்வையும் சேர்த்துவிட்டேன்.

அவருடைய பையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்கிறேன்.

"அண்ணை, அந்தத் தாளிலை இன்னும் இடம் இருக்கோ?"