கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை

மூவாரிலிருந்து தம்பி மனைவி போன் செய்தாள். கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடும் உபசரிப்பும் எப்படி இருந்தன என்று ரகசியமாக எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டுக் காசு திரும்பக் கிடைக்குமாம், மேலே கொஞ்சம் கூலியும் உண்டாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "நீங்க அந்த மிஸ்டரி ஷாப்பர் வேலதானே அண்ணி செய்யிறீங்க? வொர்த்தா?" என்று கேட்டாள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்காதவள் இதைக் கேட்பதற்கு மட்டும் போனை எடுத்திருக்கிறாள். "ம், பரவால்ல லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், நான் அந்த வேலையில் சேர்வதற்கு முன்பே என்னை மிஸ்டரி ஷாப்பராக நினைத்துக் கொண்டாடிய ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேட்டால் அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஜொகூர் பாருவில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில், முடிந்து வரும் சாமான்களில் குறை கண்டுபிடிக்கும் வேலையில் தலை நரைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய்விட்டு, அந்த வாழையிலைக் கடையில் சைவச் சாப்பாடு சாப்பிடுவது வழக்கமாயிற்று. எங்கள் ஆட்கள் கடைக்குள் ஒரு பெண் தனியாக நுழைந்து பார்க்க வேண்டும். "எத்தன பேரு?" என்பார்கள். "ஒரு ஆள்தான்" என்றால் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். புருஷன் காடியை நிறுத்திவிட்டு வருவான் என்று எதிர்பார்ப்பார்கள் போல. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மேசையைக் காட்டுவார்கள்.

அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு தண்டனை. சாப்பிட்டு முடித்தவர்கள் வரிசையாக வந்து, காறித் துப்பி, வாய் கொப்பளித்து, கையை உதறிவிட்டுப் போவார்கள். உதறுகிற தண்ணீரில் பாதி என் இலையில் விழும். அங்கே பரிமாறுகிற ஒரு பிள்ளைக்கும் அது கண்ணில் படாது. பெரிய வயிற்றோடு ஒரு மனுஷன் கண்ணாடியைப் பார்த்துப் பல் குத்திக்கொண்டே நிற்பான். அவனுடைய முழங்கை என் தலைக்கு மேலே இருக்கும்.

ஆனாலும் போனேன். தொழிற்சாலைப் புத்தியும் என்னோடு வந்தது. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இலையின் இரண்டு பக்கத்தையும் புரட்டிக் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். பஸ் தவறிவிடக் கூடாது என்று அடிக்கடி மணி பார்ப்பேன். எல்லாம் பரிமாறியதும் இலையைப் படம் எடுத்துத் தம்பி மனைவிக்கு அனுப்பி, "ஃபிரெண்ட்ஸோட வந்தேன்" என்று எழுதுவேன். எதிர் நாற்காலி காலியாக இருப்பது தெரியாமல் எடுக்க ஒரு கோணம் இருக்கிறது. அதை நான் நன்றாகப் பழகி வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் பழக்கதோஷத்தில் தொட்டிப் பக்கம் நடந்தபோது அந்தக் கடையின் சூப்பர்வைசர் ஓடி வந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள், மூக்குத்தி போட்டவள், கணீரென்ற குரல். அதுவரை என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. "ஏம்மா அங்க போறீங்க? இங்க வாங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்று கையைப் பிடித்து ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப் போனாள். இலையை அவளே துடைத்துப் போட்டாள். பாகற்காய் வறுவலைக் குவித்தாள். அப்பளம் கேட்காமலே வந்தது, மோர் மிளகாய் தனிக் கிண்ணத்தில் வந்தது. எழும்போது நான் மேசையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "முட்டி வலியாம்மா? எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க" என்றாள்.

என் முட்டி வலியை ஒருவர் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. பஸ் நிற்குமிடம் வரைக்கும் கண் கலங்கிக்கொண்டே நடந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் "முட்டி எப்படி இருக்கும்மா?" என்ற கேள்வியோடுதான் இலை விழும். மற்றப் பிள்ளைகளும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மழை வந்தால் குடை பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார்கள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீபாவளிக்கு முறுக்கு சுட மட்டும் தம்பி வீட்டில் என்னைக் கூப்பிடுவதை, விருந்தாளி வந்ததும் என்னை அடுப்படியிலேயே விட்டுவிடுவதை, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவள் ரசவாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "அலமாக், இப்படியுமா செய்வாங்க!" என்றாள். அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸுக்குப் போன ஒருத்தியிடம் சொல்லி நல்ல அன்னாசியாக வாங்கிவரச் செய்து அவளுக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமையே புடவை எடுத்து வைத்துவிடுவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கூடப்பிறந்த தங்கை கிடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது. இந்த வயதில் எனக்கு அந்த ஆசை வந்திருக்க வேண்டாம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். இலை வரவில்லை.

"நீங்க அந்த ஆளு இல்லையா?" என்றாள்.

"எந்த ஆளு?"

"மிஸ்டரி ஷாப்பர். ரகசியமா ஒரு ஆளு வருவாங்க, பாத்து நடந்துக்குங்கன்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. நீங்கதான்னு நெனச்சோம். போன வாரம் ரிப்போட்டு வந்துச்சு. யாரோ ரெண்டு பிள்ளைங்களோட வந்த ஆம்பள. அந்த ஆளத்தான் தொட்டிக்கிட்ட உக்கார வெச்சு, அப்பளம் தீந்துபோச்சுன்னு சொல்லியிருக்கோம். எல்லார் முன்னாலயும் மொதலாளி என்னைய நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டாரு. சூப்பர்வைசர் பேட்ச கழட்டச் சொல்லிட்டாரு."

அப்போதுதான் பார்த்தேன், அவள் சட்டையில் அந்த பேட்ச் இல்லை.

"நான் அப்படின்னு சொல்லவே இல்லையே" என்றேன்.

"சொல்லல. ஆனா டம்ளர தூக்கித் தூக்கிப் பாத்தீங்க, மணி பாத்தீங்க, போட்டோ எடுத்தீங்க. எல்லாம் எதுக்கு லா? எத்தன அப்பளம் வாங்கித் தின்னீங்க! உங்க வீட்டுக் கதய வேற நின்னு நின்னு கேட்டேன், கால் வலிக்க." மூச்சு வாங்கிவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்: "இது நாலு பேரு உக்கார்ற மேச. அங்க போயிருங்க."

எழுந்து தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். வெளியே போயிருக்கலாம்தான், ரோஷக்காரி என்றால் போயிருப்பாள். எனக்குக் கால் வரவில்லை. கூட்டில் கறிவேப்பிலை கிடந்தது, எடுத்து இலையோரம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். முட்டி எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றவில்லை. அப்படி என்னதான் வேலை அது என்று போனில் தேடினேன். ஒரு கம்பெனியில் பேரைப் பதிந்தேன். பழிதான் வந்துவிட்டதே, வேலையையும் பார்த்துவிடலாம் என்ற ஆத்திரம்தான். மகள் வயதுள்ள ஒரு பெண் போனில் பாடம் நடத்தினாள். "ஆண்ட்டி, நேச்சுரலா இருக்கணும். மணி பாக்கக் கூடாது. போட்டோ எடுத்தா யாருக்கும் தெரியக் கூடாது. டம்ளர், தட்டெல்லாம் உத்துப் பாக்கக் கூடாது. யாருகிட்டயும் சொல்லக் கூடாது." நான் அந்தக் கடையில் செய்ததெல்லாம் உண்மையான மிஸ்டரி ஷாப்பர் செய்யவே கூடாதது. அந்த மடச்சிகளுக்கு அதுகூடத் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

வேலை லாபமா என்று கேட்டால், கிடையாது. அவர்கள் சொன்னதைத்தான் தின்ன வேண்டும். வெள்ளிக்கிழமை விரதக்காரி நான், பொந்தியானில் ஒரு கடையில் பொரித்த கோழியின் முன்னால் உட்கார்ந்து கோயிலுக்கு மனதில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மெர்சிங்குக்கு ஒரு மீன் சாப்பாட்டுக்காக நாள் பூராவும் பஸ்ஸில் குலுங்கி, திரும்பிவந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்திருக்கிறேன். மூவாரில் காப்பிக் கடைக்குப் போனபோது தம்பி வீட்டுத் தெருமுனையைக் கடந்துதான் நடந்தேன். அவனுக்குத் தெரியாது. கூலி பஸ்ஸுக்கும் தைலத்துக்கும் சரியாகப் போய்விடும்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், போன இடத்திலெல்லாம் "எத்தன பேரு?" கேள்வியும் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதும்தான். ஒரு கடையில் கழிப்பறைக் கதவுப் பக்கம், இன்னொன்றில் ஏர்கான் ஒழுகுகிற இடம். பொய் ஆளாக இருந்தபோது ராஜ உபசாரம். நிஜ ஆளாக ஆன பிறகு ஒரு நாய்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் அந்தக் கம்பெனிப் பெண் புதிதாக ஒரு கடையைக் கொடுத்தாள். பார்த்தால் அதே வாழையிலைக் கடை. "அங்க யாரையாச்சும் தெரியுமா ஆண்ட்டி? தெரிஞ்சா எடுக்கக் கூடாது" என்றாள். "யாரையும் தெரியாது" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு அது பொய்யாகப் படவில்லை.

போய் அந்த மூக்குத்திக்காரியை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வேறொன்றும் மனதில் ஓடியது. முட்டி எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை, மறந்துபோய்க் கேட்டாலும் போதும், அவளை வானத்துக்கு உயர்த்தி எழுதிவிடுவேன். பேட்ச் திரும்பக் கிடைக்கும். அவளுக்குக் காரணம்கூடத் தெரிய வேண்டாம்.

வாசலில் அவள்தான் நின்றாள். இன்னும் பேட்ச் இல்லை. "ஒரு ஆளா?" என்று கேட்டு, என்னைத் தெரிந்திருந்தும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

சோறு ஆறியிருந்தது. அப்பளம் வரவில்லை. வாளியோடு என் மேசையைத் தாண்டிப் போனாள், வந்தாள். நான் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். கடைசியில் மேசையைப் பிடித்து, வேண்டுமென்றே மெதுவாக, அவள் காதில் விழும்படி முனகிக்கொண்டு எழுந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "சாப்பிட்டாச்சா? மேச வேணும், ஆளுங்க காத்திருக்காங்க" என்றாள்.

எனக்குள்ளே என்னவோ அறுந்துவிட்டது. செய்யவே கூடாததைச் செய்தேன். "இந்தத் தடவ நெஜமாவே நான்தான் அந்த ஆளு" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அலமாக்! மறுபடியுமா?" கல்லாப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "இங்க பாருங்க, இந்தம்மா திரும்பவும் மிஸ்டரி ஷாப்பராம்!" கடையே சிரித்தது. தொட்டியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவன் புரையேறித் தண்ணீரை என் புடவையில் துப்பினான். அவள் உள்ளே போய் ஒரு தட்டு நிறைய அப்பளம் கொண்டுவந்தாள். குனிந்து, ஒவ்வொன்றாக என் இலையில் அடுக்கி, "போதுமா மேடம்? இன்னும் வைக்கட்டா மேடம்?" என்றாள். அடுக்கி முடிக்கும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்ப உட்கார்ந்து அப்பளத்தைத் தின்றேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. அதையும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து போனில் ஒவ்வொரு கேள்வியாகப் பதில் போட்டேன். வாசலில் புன்னகையோடு வரவேற்றார்களா? இல்லை. மேசை சுத்தமாக இருந்ததா? இல்லை. சாப்பாடு சூடாக இருந்ததா? இல்லை. பரிமாறியவர் பெயர் கேட்டிருந்தது, எழுதினேன். குறையுள்ள சாமானை நல்லது என்று தள்ளிவிடும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனிப் பெண் போன் செய்தாள். நான் புடவை கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆண்ட்டி, அப்பளத்தத் தவிர எல்லாத்துக்கும் சீரோ குடுத்திருக்கீங்க. ஆனா கடைசிக் கேள்வி, இந்தக் கடைக்குத் திரும்பப் போவீங்களான்னு கேட்டதுக்கு மட்டும் 'யெஸ்'னு போட்டிருக்கீங்க. தப்பா அழுத்திட்டீங்க போல. மாத்திடவா?"

"மாத்தாதம்மா, அது சரிதான்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு கிளம்பினேன்.