கால் அடி தகடு

திம்மாவரத்தில் கேட், கிரில் செய்து பிழைப்பவர் செங்கல்வராயன். ஐம்பத்திரண்டு வயசில் மனுஷருக்கு ஒரு வீடியோ பார்த்துக் கிறுக்குப் பிடித்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு லாரி, தன் முதுகில் இருந்த கன்டெய்னரைத் தானே தூக்கிப் பக்கத்தில் இறக்கி வைத்தது. முன்னால் ஒரு இரும்புக் கை, பின்னால் ஒரு கை, சங்கிலி, அவ்வளவுதான். "இன்னா பெரிய வித்தை? நாமளே பண்ணலாம்" என்றார். கேட்டுக்குக் கீல் வைப்பதும் லாரிக்குக் கை வைப்பதும் ஒன்றுதான் என்று நிஜமாகவே நம்பினார், பாவம்.

மூணு வருஷம் ஓடியது. முதல் மிஷின் கன்டெய்னரை விட்டுவிட்டு லாரியைத் தூக்கியது. இரண்டாவது எதையும் தூக்கவில்லை, எண்ணெயை மட்டும் கக்கியது. இந்த லட்சணத்தில் வாசலில் 'செங்கல்வராயன் தூக்கு மிஷின்' என்று போர்டு வேறு. அந்தப் பக்கம் போன போலீஸ்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "யாருக்கு சார் தூக்கு?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்று சொல்லியிருக்கலாம் என்று இவருக்கு மறுநாள்தான் தோன்றியது.

மூன்றாவது மிஷினுக்கு முன்னால் மனைவி சரோஜா முடிவாகச் சொல்லிவிட்டாள். "இதாங்க கடைசி. இதுவும் புட்டுக்கிச்சுன்னா அறுத்து இரும்புக்கடைல போட்டுட்டு, கம்முனு கேட்டு பண்ணிகினு கெடங்க." செங்கல்வராயன் சத்தியம் பண்ணிக் கொடுத்தார்.

சதுரங்கப்பட்டினம் மீனவர் சங்கத்துக்கு மீன் வைக்க ஒரு குளிர் கன்டெய்னர் இறக்க வேண்டும். சந்தில் கிரேன் நுழையாது. சங்கச் செயலாளர் தீனதயாளன், "இத்த ஒழுங்கா எறக்கிட்டன்னா கரையோரம் பூரா நீதான் அண்ணாத்த" என்றிருந்தார்.

தூக்கும்போது லாரி சாயாமலிருக்கத் தரையில் ஊன்ற இரண்டு இரும்புக் கால்கள் உண்டு. கால் மண்ணில் இறங்காமலிருக்க அதற்கு அடியில் அகலமாகத் தகடு வேண்டும். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 'கால் அடி தகடு - 2'. பத்து வருஷமாக அங்கே வெல்டிங் செய்யும் ரெஜினா அதைப் படித்துவிட்டு, "ண்ணா, ரொம்ப சின்னதா கீதேண்ணா?" என்றாள். இவர் போனில் அதே வீடியோவை நூறாவது தடவையாகப் பார்த்துகினு இருந்தார். தலை நிமிரவில்லை. "எழுதினத செய்ம்மா."

கிளம்பும்போது சரோஜா ஒரு ரெட்டைக் கதவு கேட்டைக் காட்டினாள். கடப்பாக்கம் ரவிச்சந்திரன் வாத்தியார் வீட்டுக்கு, கதவுக்கு ஒரு மயில் வைத்துச் செய்தது. "அந்தப் பக்கந்தான போறீங்க, ஏத்திகினு போங்க."

"மிஷின் மேல கேட்டா? மானம் போவும்டி!" என்று குதித்தார். அப்புறம் ஏற்றிக்கொண்டார்.

சந்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கற்பூரம் காட்டி, டயரில் எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. செங்கல்வராயன் லீவரை இழுத்தார். கன்டெய்னர் ஒரு சாண் எழும்பியது. விசில் பறந்தது. உடனே நம்மாள் எலெக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி சுற்றிச் சுற்றிக் கும்பிட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு கால்களும் மணலுக்குள் சரசரவென்று இறங்கின. லாரி சாய்ந்தது. ரெஜினா பாய்ந்து லீவரைத் திருப்ப, கன்டெய்னர் தொப்பென்று லாரி மேலேயே உட்கார்ந்தது.

"தகடு எங்க? இன்னா செஞ்சு வச்சிகீற நீ?" என்று அத்தனை பேர் எதிரில் செங்கல்வராயன் அவள்மேல் பாய்ந்தார்.

ரெஜினா போனை எடுத்தாள். சுவர் எழுத்தைப் படம் பிடித்து வைத்திருந்தாள். "கால் அடின்னா மூணு இஞ்சுண்ணா. மூணு இஞ்சுதான் வெட்டினேன்."

செங்கல்வராயன் படித்தார். காலுக்கு அடியில் வைக்கும் தகடு என்றுதான் அவர் எழுதியது. எவன் படித்தாலும் கால் அடி, மூணு இஞ்சுதான் வரும். அவருக்கு அங்கேயே குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. "தப்பு என்னுதும்மா," என்று நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "கேட்டவள மதிக்காத மடையன் நான்."

"சரி, வண்டிய எடு அண்ணாத்த" என்றார் தீனதயாளன்.

ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு லாரியைப் பார்த்தாள். "ண்ணா... கேட்டு."

"இன்னா கேட்ட?"

"ஐயோ, கேட்டுண்ணா! மயில் கேட்டு!"

கால்களை மேலே இழுத்தார்கள். ஒரு காலுக்கு அடியில் ஒரு கதவு, இன்னொரு காலுக்கு இன்னொன்று. இந்தத் தடவை செங்கல்வராயன் யாரையும் கும்பிடவில்லை; கண்ணைத் தரையை விட்டு எடுக்கவில்லை. கேட்டு முனகியது, ஆனால் மண்ணில் இறங்கவில்லை. கன்டெய்னர் பூ மாதிரி வந்து சங்கத்து சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தது. மயில் இரண்டும் தோசையாகிவிட்டன.

அடுத்த வாரமே பக்கத்துக் குப்பத்துச் சங்கம் கூப்பிட்டது. இரண்டடித் தகடு போட்டுக்கொண்டு மிஷின் போனது. லீவர் பிடிக்க ரெஜினா போனாள். செங்கல்வராயனால் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டில் கிரகப்பிரவேசம், கேட்டு இல்லாமல் அவர் கத்திகினு இருந்தார்; புதுசாகச் செய்து கொடுக்க வேண்டும்.

மத்தியானம் ரெஜினா போன் செய்தாள். "எறக்கியாச்சுண்ணா. ஒரே விசிலு!"

செங்கல்வராயன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரோஜா, நான் ஜெயிச்சிட்டேன்டி!"

"சரிங்க" என்றாள் சரோஜா. "அந்த ரெண்டாவது மயிலுக்குக் கண்ணு வைக்கல பாருங்க."