சனிக்கிழமை மட்டும் நிற்காத கார்

கார் ஓடவில்லை என்று யாராவது வந்தால் மெக்கானிக்குக்குச் சோறு இறங்கும். கார் நிற்கவில்லை என்று வந்தால் இறங்காது. ஓடாத வண்டி பட்டறையில் கிடக்கும், யாரையும் கொல்லாது. பிரேக் வேலை அப்படியில்லை. "சரியாயிட்டு, கொண்டுபோங்க" என்று அனுப்பிவிட்டு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, 'அந்த நட்டை முடுக்கினேனா, இல்லையா' என்று கை அப்படியே நின்றுபோன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், நீங்களும் நம்ம சாதிதான். ஐம்பதுகளின் கடைசியில் எனக்குத் தென்காசியில் ஒரு பட்டறை இருந்தது. அந்த வருஷம் குற்றாலச் சீசன் முழுக்க ஒரே ஒரு கார் என்னைப் படுத்திய பாட்டை எழுதுகிறேன்.

சிவப்பு விளக்கு

ஜவுளிக்கடை மீரான் பாய் புதிதாகக் கார் வாங்கியிருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. சுடலைமுத்து என்று ஒரு டிரைவர். ஒருநாள் பாயின் சம்சாரம் காரிலேயே என் பட்டறைக்கு வந்துவிட்டார். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பியதும் அணைந்துவிடுகிறது, அது என்ன என்று கேட்டார். ரயில் கைகாட்டி மாதிரி, சிவப்பு அணைந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அது பேட்டரிக்குக் கரண்டு ஏறுதான்னு காட்டுத விளக்கும்மா" என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொன்று இன்ஜின் ஆயிலுக்கு என்றேன். பிரேக்குக்கு எது என்றார். பிரேக்குக்கு விளக்கு எதுவும் கிடையாது என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப பிரேக்கு போச்சுன்னு எப்பத் தெரியும் தம்பி, போன பொறவா?"

நாலு டிரம்

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுடலைமுத்து முகம் வெளிறிப்போய் வந்தான். குற்றாலத்திலிருந்து திரும்பும்போது ஒரு மாட்டுவண்டியில் மோதப் பார்த்தானாம். மிதித்தான், நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. மூன்றாவது சனிக்கிழமை ரயில்வே கேட்டுக்கு அரையடியில் வண்டி நின்றது என்று பாயே வந்து சொன்னார். மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை.

நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கழற்றினேன். உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் தேயவில்லை. பிரேக் ஆயில் எங்கும் கசியவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று நாலு சக்கரத்திலும் காற்றை எடுத்தேன். சாரலில் டிரம் நனைந்து வழுக்குகிறதோ என்று தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து ஓட்டினேன். இரண்டு மிதியில் காய்ந்து, மூன்றாவதில் பிடித்தது. இதற்கு மேல் எங்கே தேடுவது? குறை தெரிந்தால் பயம் பாதி போய்விடும். தெரியாத குறையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சுடலைமுத்துவோ தன்மேல் தப்பில்லை என்பதிலேயே குறியாக இருந்தான்.

"நான் மிதிச்சேன் அண்ணாச்சி, எங்கம்மை சத்தியமா மிதிச்சேன்; அங்கன பெடலே இல்ல!"

ஒரு வார்த்தை

பாயின் மகள் பாத்திமாவைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை போய், சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. திரும்பும்போது ஆரியங்காவு தாண்டிப் புளியறைக்கு இறங்க வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், கொண்டை ஊசி மாதிரி வளைவுகள். பாய் என்னைப் பார்த்து, "வண்டியை நம்பிப் போகலாமாவே? ஒரு வார்த்தை சொல்லும்" என்றார்.

நான் காரை எடுத்துக்கொண்டு குற்றாலம் வரை போய் வந்தேன். பத்து இடத்தில் மிதித்தேன். பத்து இடத்திலும் சொன்ன சொல் கேட்டு நின்றது. போகலாம் என்றேன். "அப்ப நீரும் கூட வாரும், எங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்றார் பாய். சீசன் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றேன். பொய். எனக்குப் பயம். பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பாயும் சம்சாரமும் ஏறிக் கிளம்பிய கார் தெருமுனை திரும்பியதும், என் பட்டறையில் டிங்கர் வேலை பார்த்த பிச்சையா சுத்தியலைக் கீழே வைத்தான்.

"நீ ஓட்டினா நிக்குது, சரி. மலையில ஓட்டப்போறது நீ இல்லையேடே?"

மங்குஸ்தான் கூடை

மறுநாள் சனிக்கிழமை. குற்றாலத்தில் ஒரு மதுரைக்காரர் கார் கிளம்பவில்லை என்று ஆள் வந்தது. போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வண்டியின் டிரைவரும் உடம்பெல்லாம் தேய்த்து, அருவியில் நின்றுவிட்டு, வெறுங்காலோடு வந்து ஏறினான். சீயக்காயும் கிடையாது ஒன்றும் கிடையாது. தேய்த்த எண்ணெயை அருவியே கொண்டுபோய்விடும் என்று நம்முடைய நம்பிக்கை. தலை காய்ந்துவிடும். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்?

வண்டி முன்னால் உருண்டது. மிதித்தான். கால் பெடலைவிட்டு வழுக்கிப் பக்கத்தில் போய் விழுந்ததை ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன். மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அம்மாளின் கூடை மேல் சக்கரம் ஏறியது. அவள் துள்ளி எழுந்ததால் பிழைத்தாள். நசுங்கிய பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் எனக்கு மூன்று வாரக் கணக்கு ஒரே நொடியில் தீர்ந்தது. பாய் சனிக்கிழமைதோறும் குற்றாலத்தில் வியாபாரிகளைப் பார்க்கப் போவார். அந்த இரண்டு மணி நேரம் சுடலைமுத்துவுக்கு எண்ணெய்க் குளியல். அந்த அம்மாள் மதுரைக்காரர் டிரைவரைப் பார்த்துப் போட்ட சத்தம் இதுதான்.

"எண்ணெய்க் காலோட ஏம்லே வண்டிய எடுக்கே? கல்லுலயே கால் நிக்காது, இரும்புல நிக்குமா?"

செக்போஸ்ட்

புனலூரிலிருந்து வரும் வழியில், ஆரியங்காவு பக்கத்தில்தான் பாலருவி. சனிக்கிழமை, சீசன், அருவி. சுடலைமுத்து எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் வருவானா? அகப்பட்ட லாரியில் தொற்றிப் புளியறை செக்போஸ்டில் போய் இறங்கினேன். மேலே ஏறலாம் என்றால் அந்த நேரத்துக்கு ஒரு வண்டியும் இல்லை. மலையிலிருந்து ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் கும்பிட்டேன். சத்தம் நின்றால் இன்னும் பயம். இறங்கி வந்த லாரிக்காரர்களிடம், "வழியில எதும் கார் கிடக்கா?" என்று கேட்கவும் நாக்கு எழவில்லை. இத்தனைக்கும் போகலாம் என்று சொன்ன வாய் இதுதானே.

மூன்று மணிக்கு அந்தக் கார் ஊர்ந்து வந்தது. இடது மட்கார்டு நசுங்கி, அதில் செம்மண் அப்பியிருந்தது. இரண்டாவது வளைவில் நிற்காமல் போய், மலைப்பக்கம் உரசி நின்றதாம். பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தால் சொல்ல ஆள் இருந்திருக்காது. பாயின் சம்சாரம் அழுதுகொண்டிருந்தார். பாத்திமா வயிற்றைப் பிடித்தபடி, "உள்ள அசையுது உம்மா, அழாதீங்க" என்று தாயைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

பெடலைத் தடவினேன், விரல் வழுக்கியது. டீக்கடையில் வெந்நீரும் சாம்பலும் வாங்கி, சுடலைமுத்துவை உட்காரவைத்து அவன் காலை நானே தேய்த்துக் கழுவினேன். "பாத்தீங்களா முதலாளி, பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் எண்ணெய்!" என்றேன். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன். காருக்குள்ளிருந்து பாத்திமா என்னைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வண்டி நல்லாருக்குன்னு சொன்ன நீங்க, வாப்பா கூப்பிட்டப்ப ஏண்ணே கூட வரலை?"

அதற்குப் பிறகு பிரேக் கோளாறு என்று எந்தக் கார் வந்தாலும், முதலில் டிரைவரின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்து, பிறகு வண்டியைப் பார்த்து, கடைசியில் நானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஊர் போய்ச் சேரும்வரை கந்த சஷ்டி கவசமோ குலசாமி பேரோ வாய்க்கு வந்ததை முணுமுணுத்துக்கொண்டு போவேன்.